அப்பாவுக்கு ஒரு ஜோடி ஷூ

இலவசமாக எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வது என் நெடுநாள் கொள்கை. காலண்டர், டைரி, கீ செயின்... எதையும் விட்டதில்லை. அப்படித்தான் போன வருஷம் ஜூன் மாசம் ஆபீஸில் நடந்த இலவச மருத்துவ முகாமிலும் வரிசையில் போய் நின்றேன். (பத்திரிகைக்கு எழுதுகிற நேரம் போக, கிண்டியில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறேன். நிஜத்தைச் சொன்னால், கணக்குப் பார்க்கிற நேரம் போக மிச்சத்தில்தான் இது!) ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பிஸ்கெட் கொடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது. இலவசம் பிஸ்கெட்டோடு முடிந்துவிட்டது என்று அப்போது புரிந்தது.

வெறும் வயிற்றில் சர்க்கரை 114. ஹெச்பிஏ1சி 6.2.

முதல் எண் தெரியும். இரண்டாவதைப் பார்த்தால் ஏதோ பஸ் ரூட் மாதிரி இருந்தது. முகாமுக்கு வந்திருந்த டாக்டர் என்னைவிடச் சின்னப் பையன். பொறுமையாக விளக்கினார். கடந்த இரண்டு மூன்று மாதமாக ரத்தத்தில் சர்க்கரை எந்த அளவில் இருந்தது என்பதன் சராசரிதான் அது. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வெறும் வயிற்றில் எடுப்பது இன்றைக்குக் கல்லாவில் இருக்கிற ரொக்கம். இது பாங்க்கில் கேட்கிறார்களே, ஆவரேஜ் பேலன்ஸ்... அது! ஆடிட்டர் வருகிற அன்றைக்கு மட்டும் கணக்கைப் பளபளவென்று காட்டுகிற மாதிரி, டெஸ்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி இரண்டு இட்லியோடு படுத்துக்கொள்ளும் தில்லுமுல்லு இதில் செல்லாது.

"5.7-க்குக் கீழ இருந்தா நார்மல் சார். 6.5-ஐத் தொட்டா சர்க்கரை வியாதி. நீங்க நடுவுல இருக்கீங்க. வாசப்படியில நிக்கறீங்க."

"மாத்திரை போடணுமா டாக்டர்?"

"இப்ப வேண்டாம். மூணு மாசம் டயம் தரேன். நடங்க. சாப்பாட்டைக் கொஞ்சம் மாத்துங்க. அப்புறம் பார்ப்போம்."

வயசு முப்பத்தாறு. சிகரெட் கிடையாது. பார்க்கிறதுக்கும் அப்படி ஒன்றும் குண்டு இல்லை. பெல்ட்டுக்கு மேலே மட்டும் ஒரு சின்ன சமாசாரம், அவ்வளவுதான். அந்தச் சமாசாரம்தான் விஷயமே என்றார் டாக்டர். நம் ஊர் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டுமாம். எனக்கு 96.

தனியாக நிற்கிறேனோ என்று கவலைப்பட்டேன். தேவையே இருக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆதரவில் நாடு முழுக்க எடுத்த ஆய்வு ஒன்று 2023-ல் வெளியானது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல். என்னை மாதிரி வாசப்படியில் நிற்கிறவர்கள் 13 கோடியே 60 லட்சம் பேர். ரேஷன் கடையில்கூட இவ்வளவு பெரிய க்யூவை நான் பார்த்ததில்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம். மாத்திரை செய்கிற வேலையை வெறும் நடை செய்யுமா? இதை நம்ம சென்னையிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் சார். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் ஒரு குழு, வாசப்படியில் நின்ற 531 பேரை நாலு கோஷ்டியாகப் பிரித்தது. ஒரு கோஷ்டிக்குப் பொதுவான அறிவுரை மட்டும். ஒரு கோஷ்டிக்கு நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும். மூன்றாவதுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நாலாவதுக்கு இரண்டும். மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவைச் சொன்னார்கள். அறிவுரையோடு நின்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. நடந்தவர்களில் 39 பேருக்கு. மாத்திரை போட்டவர்களில் 40 சொச்சம். நடை, மாத்திரை இரண்டும் சேர்ந்தும் கிட்டத்தட்ட அதே 39-தான்! அமெரிக்காவில் மூவாயிரத்துச் சொச்சம் பேரை வைத்து இதே மாதிரி ஒரு சோதனை செய்து 2002-ல் வெளியிட்டார்கள். அங்கே நடையும் உணவும் ஆபத்தை 58 சதவீதம் குறைத்தன. மாத்திரை 31 சதவீதம்தான்.

படித்ததும் எனக்கு ஏற்பட்ட உற்சாகத்தைச் சொல்லி மாளாது. ஆனால் ஒன்று. நன்றாக நடந்தவர்களிலும் நூற்றுக்கு 39 பேருக்கு வியாதி வந்தது என்று அதே இடத்தில் எழுதியிருந்தது. பி.காம். படித்தவன் நான். அந்த வரியை மட்டும் வேகமாகத் தாண்டிப் போய்விட்டேன்.

முதலில் டீ. ஆபீஸில் ஒரு நாளைக்கு நாலு டீ. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்று வையுங்கள். நாளைக்கு 40 கிராம். மாதத்துக்கு 25 வேலை நாள் என்றால் ஒரு கிலோ! ஆபீஸ் டீ மூலமாக மட்டும் வருஷத்துக்குப் பன்னிரண்டு கிலோ சர்க்கரை சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். இதில் வீட்டுக் காபி சேர்த்தி இல்லை. டீக்கடை அண்ணனிடம் "சர்க்கரை இல்லாம" என்றேன். "என்ன சார், வந்துருச்சா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். சுற்றி நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பத்து நாள் அந்த டீ கஷாயம் மாதிரி இருந்தது. பதினோராவது நாளிலிருந்து டீ மாதிரியே ஆகிவிட்டது.

அடுத்தது நடை. மடிப்பாக்கத்தில் காலை ஐந்தரை மணிக்கு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், நடையை எப்போது ஓட்டமாக மாற்ற வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாம் அல்ல, தெரு நாய்கள். நாலாம் நாளே மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். துணி காயப்போடுகிற கொடிகளுக்கு நடுவே குனிந்து நிமிர்ந்து நடந்ததில் யோகாசனமும் இலவசமாகக் கிடைத்தது.

ஆபீஸில் லிஃப்ட்டை விட்டேன். நாலு மாடி. முதல் வாரம் மூன்றாவது மாடியில் நின்று செல்போனில் யாரிடமோ பேசுகிற மாதிரி நடித்து மூச்சு வாங்கினேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பதினைந்து நிமிஷம் வளாகத்தைச் சுற்றி ஒரு நடை. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேலை செய்கிற தசை, இன்சுலின் கதவைத் திறந்துவிடட்டும் என்று காத்திருக்காமல், ரத்தத்திலிருந்து சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளுமாம். சாப்பிட்ட கையோடு சீட்டில் சாய்ந்து கண்ணைச் சொருகினால் அந்தச் சர்க்கரைக்குப் போக இடம் இல்லை, ரத்தத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. நம்மை மாதிரியே!

சாதத்தை மட்டும் என்னால் விட முடியவில்லை. கும்பகோணத்துக்காரன். இரண்டு கரண்டி சாதம், அதே அளவு காய், கொஞ்சம் சுண்டல் என்று என் மனைவி ஒரு பட்ஜெட் போட்டாள். மோர் சாதத்துக்குத் துணை பட்ஜெட் கேட்டு ஒரு வாரம் கெஞ்சினேன். நிராகரிக்கப்பட்டது.

செப்டம்பரில் டெஸ்ட். எடை 78-லிருந்து 73. ஹெச்பிஏ1சி 5.6.

அன்றைக்கு நான் இருந்த இருப்பைக் கண்ணாடியில் பார்த்திருந்தால் எனக்கே என்னைப் பிடித்திருக்காது. ஆபீஸில் யார் மாத்திரை எடுத்தாலும் பக்கத்தில் போய் நிற்பேன். "ஏன் சார் இந்தக் கெமிக்கலை எல்லாம் உள்ள தள்றீங்க? நாற்பது நிமிஷம் நடங்க, அதுவே மருந்து." தலைவலிக்கு மாத்திரை போட்ட கேஷியர் அம்மாவைக்கூட விடவில்லை. என்னைக் கண்டதும் டப்பாவைக் கைப்பைக்குள் ஒளிக்க ஆரம்பித்தார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன்.

அப்பாவுக்கு அறுபத்தேழு வயசு. பதினாலு வருஷமாகச் சர்க்கரை. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை. டைனிங் டேபிளில் அந்த டப்பா உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இருக்கும். நான் வலது கையில் அதிரசத்தை வைத்துக்கொண்டு (வருஷத்தில் ஒரு நாள்தானே!) அப்பாவுக்கு உபன்யாசம் செய்தேன். சென்னை ஆய்வு, அமெரிக்க ஆய்வு, 5.6... எல்லாம் சொன்னேன். "நடையைவிட மாத்திரை ஒண்ணும் ஒசத்தி இல்லேப்பா. புள்ளிவிவரமே இருக்கு" என்றேன். கூடவே ஒரு ஜோடி வாக்கிங் ஷூ. நல்ல விலை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ விலையில எனக்கு எதுக்குடா?" என்றார். ஆனால் மறுநாள் காலை மகாமகக் குளத்தைச் சுற்றி ஐந்து ரவுண்டு நடந்துவிட்டு வந்தார்.

அப்புறம் வாரா வாரம் போன். "இன்னிக்கு ஏழு ரவுண்டு." "இன்னிக்கு எட்டு." ஜனவரியில் ஒரு நாள் ரொம்பக் குஷியாகக் கூப்பிட்டார். "டேய், ஆறு கிலோ எறங்கிட்டேன்டா! பேன்ட்டெல்லாம் லூஸாயிடுச்சு."

"சூப்பர்ப்பா! என்னையே தாண்டிட்டீங்க!" என்றேன்.

ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறார், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று அம்மா பின்னாலிருந்து சொன்னது போனில் கேட்டது. "நடந்தா தாகம் எடுக்காதா பின்னே?" என்று அப்பா அங்கேயே பதில் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

மார்ச்சில் ஒரு ராத்திரி அம்மாவிடமிருந்து போன். "அப்பாவுக்குக் கால்ல ஒரு சின்னப் புண்ணு. ஆஸ்பத்திரில சேத்திருக்கோம். நீ பதறாம வா." நம் வீடுகளில் பதறாமல் வா என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கிளாம்பாக்கத்தில் கடைசி சீட்டில் இடம் கிடைத்தது. விடியற்காலை போய் இறங்கினேன்.

ரத்தத்தில் சர்க்கரை 438. இடது கால் சுண்டு விரல் கறுத்துப்போயிருந்தது.

நான் வாங்கித் தந்த ஷூ கடித்திருக்கிறது. கொப்புளம் வந்து, உடைந்து, சீழ் வைத்து... அப்பாவுக்கு வலிக்கவே இல்லை. பல வருஷச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போய்விடுமாம். எனக்கோ உங்களுக்கோ ஷூ கடித்தால் அரை மணி நேரத்தில் கழற்றி எறிந்துவிடுவோம். அவர் அதே காலோடு தினம் எட்டு ரவுண்டு போயிருக்கிறார். சாக்ஸில் கறை பார்த்து அம்மாதான் கண்டுபிடித்திருக்கிறார்.

நாலு மாசமாக மாத்திரையே போடவில்லை என்பது ஆஸ்பத்திரியில்தான் வெளியே வந்தது. ஒரு மெடிக்கல் லீவ் லெட்டரைக்கூடப் பொய்யாக எழுதாத மனுஷர் சார் அவர். அம்மாவுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்று மாசா மாசம் கடையில் மாத்திரையை வாங்கி வந்து, பீரோவில் வேட்டிக்கு அடியில் வைத்திருக்கிறார். வீட்டில் போய் எடுத்தேன். ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கி வைத்திருந்தார். கணக்குப் பார்க்கிறவன் கை சும்மா இருக்காதே, எண்ணினேன். இருபத்துநாலு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது கேட்டேன். "ஏன்ப்பா? நான் நடங்கன்னுதானே சொன்னேன்... நிறுத்தச் சொல்லலையே?" சொல்லும்போதே என் குரல் எனக்கு நன்றாக இல்லை. அதிரசமும் புள்ளிவிவரமும் ஞாபகம் வந்தது.

அப்பா என்னைக் குற்றம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார். "கொளத்தங்கரையில எங்க செட்டுல ஒம்போது பேர்டா. ஒவ்வொருத்தனும், நான் ஒரு மாத்திரைகூடத் தொடறதில்லேம்பான். எனக்குச் சொல்லிக்க ஒண்ணும் இல்லே. மாத்திரை போட்டா நோயாளி. நடந்தா ஆரோக்கியமானவன். பதினாலு வருஷமா நோயாளியா இருந்தாச்சு. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் இருந்து பாப்போமேன்னு..."

எனக்குப் பதில் வரவில்லை. பணம்தான் பிரச்சினை என்றால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று அரசாங்கமே வாசலில் கொண்டுவந்து மாத்திரை தருகிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் இந்த விஷயத்துக்கு எந்தத் திட்டத்தில் போய் மனு கொடுப்பது?

வார்டுக்கு வந்த டாக்டரிடம் என் 5.6-ஐச் சொல்லி, எனக்கு நடந்தது அப்பாவுக்கு ஏன் நடக்கவில்லை என்று கேட்டேன். அவர் அப்பாவின் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கு வந்தது நோட்டீஸ் சார். நோட்டீஸுக்கு நேர்ல போய்ப் பேசி முடிச்சுக்கலாம். இவருக்கு வந்தது ஜப்தி. பதினாலு வருஷத்துல கணையம் பாதிக்கு மேல களைச்சுப் போயிருக்கும். நடந்தா மாத்திரையோட வேலை குறையும், டோஸ்கூடக் குறையலாம். ஆனா மாத்திரையோட வேலையையே இவர் காலால செஞ்சுட முடியாது." இன்சுலினைச் சரியாகப் பயன்படுத்த முடியாமல் போனால் உடம்பு கொழுப்பையும் தசையையும் கரைத்துச் செலவழிக்க ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். ஆறு கிலோ இறங்கியது அப்படித்தானாம். நான் சூப்பர் என்று சொன்ன ஆறு கிலோ!

அதற்காக மாத்திரையை யாராலும் விடவே முடியாது என்றும் இல்லை. பிரிட்டனில் 2017-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. சர்க்கரை வந்து ஆறு வருஷத்துக்கு உட்பட்டவர்களை எடுத்து, மாத்திரையை நிறுத்தி, மூன்றிலிருந்து ஐந்து மாதம் நாளைக்கு 850 கலோரிக்குள் சூப், ஷேக் மாதிரி சமாசாரங்களை மட்டும் கொடுத்து எடையைக் குறைத்தார்கள். ஒரு வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் மாத்திரை இல்லாமலே வியாதியின் எல்லைக்கு வெளியே வந்துவிட்டார்கள். ஆனால் அங்கே நர்ஸும் டயட்டீஷியனும் கூடவே இருந்து ரத்தத்தை அளந்துகொண்டே இருந்தார்கள். வேட்டிக்கு அடியில் அட்டையை ஒளித்துவைத்து யாரும் செய்யவில்லை.

இன்னொரு வேடிக்கை. நான் கெமிக்கல் கெமிக்கல் என்று திட்டினேனே, அந்த மெட்ஃபார்மினின் மூதாதை ஒரு செடி. ஐரோப்பாவில் வெகுகாலமாக நாட்டு வைத்தியத்தில் இருந்த, ஊதாப் பூப் பூக்கிற ஒரு செடி. அதில் இருந்த சரக்கை ஆராய்ந்து ஆராய்ந்து, கடைசியில் 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர்தான் மெட்ஃபார்மினை மனிதர்களுக்குக் கொடுத்துப் பலன் கண்டதை வெளியிட்டார். பச்சிலை என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அப்பாவின் செட்டில் ஒன்பது பேரும் வாங்கிச் சாப்பிட்டிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் பத்து நாள் இருந்தேன். நடை இல்லை. எதிரே ஒரு கடையில் மெதுவடை அபாரம். ஜூனில் எடுத்த டெஸ்ட்டில் எனக்கு 5.8. மறுபடி வாசப்படிக்கு வந்துவிட்டேன். மறுபடி மொட்டை மாடி, மறுபடி கொடிக்கயிறு. வருஷா வருஷம் பார்க்க வேண்டும், எத்தனை நடந்தும் ஒரு நாள் 6.5-ஐத் தாண்டினால் மாத்திரைதான் என்று முகாம் டாக்டர் சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேஷியர் அம்மா இப்போதெல்லாம் டப்பாவை ஒளிப்பதில்லை.

அப்பா மறுபடி நடக்கிறார், மெதுவாக. இரண்டு ரவுண்டு. காலுக்கு அளவெடுத்து மெத்தென்று செய்த செருப்பு. மாத்திரை டப்பா மறுபடி உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தால், நான் கேட்பதற்கு முன்னால் அவர் "நடந்தியா?" என்பார். "நீங்க போட்டீங்களா?" என்பேன்.

தினம் ராத்திரி படுக்கும் முன் பாதத்தைப் பரிசோதிக்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. அப்பாவால் அவ்வளவு குனிய முடியாது. அம்மா டார்ச் லைட்டும் கையுமாக உட்கார்ந்து, விரல் இடுக்கு விரல் இடுக்காகப் பார்க்கிறார். போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அந்தக் காட்சியைப் பார்த்தேன்.

"முப்பத்தெட்டு வருஷமா பண்டிகைக்குப் பண்டிகை இந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்கேன்டா" என்றார் அம்மா, டார்ச்சை அடித்துக்கொண்டே. "இப்பத்தான் மொதல் தடவையா உத்துப் பாக்கறேன். நகத்தைப் பாரு! மனுஷன் வெட்டற நகமா இது?"

அப்பா காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அம்மா விடவில்லை.